தொலைக்காட்சி உளவுத் தொடரிலிருந்து நாவல் எழுதுவது எப்படி

தொடரின் நாயகன் சாகமாட்டான். நாவலைக் கையில் எடுக்கும் வாசகருக்கு முதல் வரியைப் படிக்கும் முன்பே இது தெரியும். அடுத்த எபிசோடில் அவன் வந்தாக வேண்டும். அவனுக்குக் கை கால் போகக் கூடாது, கல்யாணம் ஆகக் கூடாது, வேலையை விட்டுவிடவும் கூடாது. அவனுடைய மேலதிகாரி துரோகி என்று நீங்களாக அறிவித்துவிடவும் முடியாது. உயிரைப் பணயம் வைக்கும் கதை என்றால்தான் உளவு நாவல். அந்தப் பணயமே உங்கள் கையில் இல்லை. தொடரை ஒட்டி எழுதப்படும் பல நாவல்கள் சப்பென்று இருப்பதற்கு மொழிநடை காரணமல்ல. இந்தச் சிக்கலுக்கு விடை காணாமலேயே எழுத உட்கார்ந்துவிடுவதுதான் காரணம்.

உரிமை யாருடையது

கதாபாத்திரங்கள் தொடரைத் தயாரித்தவர்களுக்குச் சொந்தம். பதிப்பகம் அவர்களிடம் உரிமம் வாங்கும்; பிறகு எழுத்தாளரை அமர்த்தும். எழுதிய பிரதியின் பதிப்புரிமையும் வழக்கமாக ஸ்டுடியோவுக்கே போகும். எழுத்தாளருக்கு ஒட்டுமொத்தத் தொகை உண்டு. சில ஒப்பந்தங்களில் சிறு ராயல்டியும் உண்டு. ஆகவே முழு நாவலை எழுதி அழைப்பில்லாமல் அனுப்பாதீர்கள். பின்னாளில் "என் கதையைத் திருடிவிட்டார்கள்" என்ற வழக்கு வரும் என்று பயந்து பிரிக்காமலே திருப்பி அனுப்புவார்கள். வாய்ப்பு வருவது உங்கள் சொந்தத் திரில்லரைப் படித்த எடிட்டர் மூலமாகத்தான். ரசிகராகப் பழகுவதற்கு எழுதினால் விலை வைத்து விற்காதீர்கள்.

உரிமம் உள்ள வேலையில் வரிசை இப்படி: ஒரு பக்கத்தில் கதைக்கரு, பிறகு 10 முதல் 15 பக்கத்துக்கு அத்தியாயச் சுருக்கம், பிறகு முழுப் பிரதி. ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்டுடியோவின் ஒப்புதல் வேண்டும். அதை எழுத்தில் வாங்கி வையுங்கள். சுருக்கத்தில் இல்லாத மரணத்தையோ காதலையோ பிரதியில் நுழைத்தால் அங்கேதான் கை வைப்பார்கள்.

இரண்டு வகை

ஒளிபரப்பான எபிசோடின் திரைக்கதையை நாவலாக்குவது ஒன்று. அதே பாத்திரங்களை வைத்துப் புதுக் கதை சொல்வது மற்றொன்று. உளவுத் தொடர்களில் இரண்டாவதே பெருவழக்கு. 'தி மேன் ஃப்ரம் அங்கிள்' தொடருக்கு அமெரிக்காவில் ஏஸ் பதிப்பகம் 1965 முதல் 23 நாவல்கள் வெளியிட்டது. எல்லாம் புதுக் கதைகள். காரணம் எளிய கணக்கு. 45 நிமிட எபிசோடின் திரைக்கதை ஏறத்தாழ 50 பக்கம், அதிலும் பெரும்பகுதி வசனம். அதை அப்படியே விரித்தால் 15,000 சொல்லைத் தாண்டுவதே கடினம். இன்றைய நாவலுக்கு 70,000 முதல் 80,000 சொல் வேண்டும். மிச்சத்தை வர்ணனையால் நிரப்பினால் வாசகர் மூன்றாம் அத்தியாயத்திலேயே கண்டுகொள்வார்.

தொடரை மறுபடி பார்ப்பது

ரசிகராகப் பார்த்தது கணக்கில் சேராது. விரிதாள் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் எபிசோடிலிருந்து பாருங்கள். ஆறு பத்திகள் போதும்: எபிசோட் எண், கதைக்குள் என்ன தேதி, யார் எந்த ஊரில், யாருக்கு என்ன காயம், என்ன கருவி கையில் இருக்கிறது, யாருக்கு எது தெரியும்.

கடைசிப் பத்திதான் உயிர்நாடி. மருத்துவத் தொடரிலோ குடும்பத் தொடரிலோ இதில் பிசகினால் சமாளிக்கலாம். உளவுக் கதை முழுக்க முழுக்கத் தகவலால் ஆனது. இரண்டாம் சீசன் முடிவில்தான் நாயகிக்குத் தன் தோழன் இரட்டை உளவாளி என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாவல் அதற்கு முன்பு நடக்கிறது. அவள் அவனைப் பார்த்து ஒரு கணம் தயங்கினாள் என்று எழுதினாலே போச்சு. எழுதுபவருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குள் கசிவது இந்த வகை நாவலில் அதிகம் நடக்கும் பிழை. எழுதும்போது கண்ணில் படாது. முழுப் பிரதி முடிந்ததும் அந்தப் பத்தியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை படித்தால்தான் சிக்கும்.

கூடவே, ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் 20 வசனங்களை அப்படியே எழுதி எடுங்கள். வாய்விட்டுப் படியுங்கள். கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்பவரா, பாதியில் நிறுத்துபவரா, கோபம் வந்தால் குரல் தாழ்பவரா என்பது காதில் விழும். நடிகரின் புருவத்தையும் புன்னகையையும் நாவலுக்குக் கொண்டுவர முடியாது. பேச்சின் தாளத்தைக் கொண்டுவர முடியும்.

கதைக்கு இடம் தேடுவது

தொடர் விட்டுவைத்த இடைவெளியில்தான் நாவல் உட்கார முடியும். முதல் எபிசோடுக்கு முந்தைய காலம் மிகவும் பாதுகாப்பானது. '24' தொடரை ஒட்டி 2005 முதல் வந்த 'டிக்ளாசிஃபைட்' நாவல்கள் முதல் சீசனுக்கு முன்பு நடப்பவை. 'ஹோம்லேண்ட்' தொடருக்கு 2013இல் வந்த முதல் நாவல் 2006ஆம் ஆண்டு பெய்ரூட்டுக்குப் போனது. இரண்டு சீசன்களுக்கு நடுவே இருக்கும் மாதங்கள் அடுத்த வாய்ப்பு. 2014இல் வெளியான '24: டெட்லைன்' நாவல் எட்டாம் சீசன் முடிந்த உடனே தொடங்குகிறது. இரண்டு எபிசோடுகளுக்கு நடுவில் நுழைப்பது ஆபத்து; ஒரு காயத்தின் கட்டு கூட உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

முந்தைய காலத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒரு கவனம் வேண்டும். தொடரின் முதல் எபிசோடில் நாயகன் "நான் இதுவரை அந்த நாட்டுக்குப் போனதில்லை" என்று போகிற போக்கில் சொல்லியிருப்பான். அந்த ஒரு வரி உங்கள் 80,000 சொல்லையும் கவிழ்க்கும். இடத்தை முடிவு செய்யும் முன் அந்த ஊர்ப் பெயர் தொடரில் எங்கெல்லாம் வருகிறது என்று வசனப் பிரதியில் தேடிப் பாருங்கள்.

பணயத்தை யார் மேல் வைப்பது

நாயகன் சாகமாட்டான் என்றால் சாகக்கூடியவரைக் கொண்டுவாருங்கள். உங்களுக்கே சொந்தமான மூன்று பாத்திரங்கள் தேவை: ரகசியத்தைக் கொண்டுவந்து தரும் தகவலாளி, எதிர்த்தரப்பில் அறிவும் நியாயமும் உள்ள ஓர் அதிகாரி, நாயகனின் பக்கத்தில் புதிதாக வந்த ஒருவர். இவர்களுக்கு என்ன ஆகும் என்பது தொடரைக் கரைத்துக் குடித்தவருக்கும் தெரியாது. நாயகனின் கேள்வி "நான் பிழைப்பேனா" என்பதிலிருந்து "இவரை உயிரோடு வெளியே கொண்டுவருவேனா" என்று மாறும். முதல் கேள்விக்கு விடை எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதற்கு 300 பக்கம் காத்திருக்கலாம்.

தகவலாளியை முதல் 30 பக்கத்துக்குள் அறிமுகப்படுத்துங்கள். அவருக்கு வேலை, வீடு, ஒரு பிடிவாதம், ஏன் காட்டிக்கொடுக்கிறார் என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். பணம், கொள்கை, மாட்டிக்கொண்ட பயம், தன்முனைப்பு என்று உளவுத் துறையில் நான்காகப் பிரிப்பார்கள். ஒரே காரணம் கொண்ட பாத்திரம் தட்டையாக இருக்கும். பணத்துக்காகத் தொடங்கி, தன்னை மதிக்கும் ஒரே ஆள் நாயகன்தான் என்பதற்காகத் தொடர்பவர் மனதில் நிற்பார்.

இன்னொரு விதி எல்லா உளவுக் கதைக்கும் பொருந்தும்: திட்டத்தை முன்கூட்டி வாசகருக்கு விளக்கினால் அது கெட்டுப்போக வேண்டும், வெற்றி பெறப்போகும் திட்டத்தை மறைத்து வைக்க வேண்டும். விளக்கிய திட்டம் விளக்கியபடியே நடந்தால் ஒரே சம்பவத்தை வாசகர் இரண்டு முறை படிக்கிறார்.

கேமராவுக்கு எட்டாதது

தொடரில் 20 விநாடிக் காட்சி ஒன்று: நாயகி பூங்கா பெஞ்சில் செய்தித்தாளை விட்டுவிட்டு எழுகிறாள், முதியவர் ஒருவர் வந்து அதை எடுத்துக்கொள்கிறார். இசையும் ஒளியும் பதற்றத்தைத் தந்துவிடும். அதையே "அவள் செய்தித்தாளை வைத்தாள், அவர் எடுத்தார்" என்று எழுதினால் எதுவும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"செய்தித்தாளை மூன்றாக மடித்து வைத்தாள். நான்காக மடித்திருந்தால் வரலாம் என்று பொருள். மூன்று என்றால் இன்று வேண்டாம். எதிரே குழந்தை வண்டியுடன் ஒரு பெண் பதினோரு நிமிடமாக நிற்கிறாள். ஒருமுறைகூட வண்டிக்குள் குனிந்து பார்க்கவில்லை. முதியவர் வாசலில் தெரிந்தார். போன வருடமே அவருக்குக் கண் மங்கிவிட்டது. மடிப்பை அங்கிருந்து எண்ண முடியாது, கிட்டே வந்துதான் பார்ப்பார். கிட்டே வந்தால் அந்தப் பெண்ணும் பார்ப்பாள்."

இங்கே சம்பவம் எதுவும் நடக்கவில்லை. மடிப்பின் விதி, வண்டியைப் பற்றிய ஊகம், முதியவரின் கண் என்று மூன்று தகவல்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. கேமராவால் மடிப்பைக் காட்ட முடியும், அதன் பொருளைக் காட்ட முடியாது. நாவலுக்கு இருக்கும் பலம் அதுதான். ஒவ்வொரு முக்கியக் காட்சியிலும் வாசகருக்கு ஒரு விதியை முதலில் கொடுத்து, பிறகு அந்த விதி உடையும் கட்டாயத்தை உண்டாக்குங்கள்.

பார்வைக் கோணத்தையும் காட்சிக்குக் காட்சி கேமரா போலத் தாவவிடாதீர்கள். நாவல் முழுவதற்கும் மூன்று பேரின் பார்வை போதும். ஓர் அத்தியாயத்துக்குள் ஒருவர் மட்டும். நாயகனின் முக அடையாளத்துக்கு ஒரு வரிக்கு மேல் வேண்டாம். ஆனால் தொடரையே பார்க்காத ஒருவரிடம் முதல் மூன்று அத்தியாயங்களைக் கொடுத்து, யார் யாருக்கு மேலதிகாரி என்று கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் அறிமுகம் போதவில்லை.

தொழில்நுட்பத்தில் எங்கே தவறுகிறார்கள்

உளவாளிகள் நேரில் சந்திக்காமல் ஓரிடத்தில் பொருளை மறைத்து வைத்துக் கைமாற்றும்போது, அடையாளம் வைக்கும் இடமும் பொருள் வைக்கும் இடமும் வேறு வேறாக இருக்க வேண்டும். சோவியத் தரப்புக்கு வேலை செய்து 1994இல் கைதான சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், வாஷிங்டனில் ஒரு தபால் பெட்டியில் சாக்பீஸ் கோடு போடுவார். அந்த வழியாகத் தினமும் போகிறவர் கோட்டைப் பார்ப்பார். அதன் பிறகே பொருள் இருக்கும் இடத்துக்கு ஒருமுறை ஆள் போகும். ஆபத்தான இடத்துக்குப் போகும் தடவைகளைக் குறைப்பதுதான் நோக்கம். பொருளை வைக்கும் கணமே பலவீனமான கணம்: ரஷ்யாவுக்கு உளவு சொன்ன எஃப்.பி.ஐ. அதிகாரி ராபர்ட் ஹான்சன் 2001 பிப்ரவரியில் வர்ஜீனியாவில் ஒரு பூங்காப் பாலத்தின் அடியில் பொட்டலத்தை வைத்துவிட்டுத் திரும்பியபோது பிடிபட்டார்.

சங்கேதத்தில், ஒருமுறை மட்டும் பயன்படும் சாவித்தாள் (செய்தியை மறைக்கவும் மீட்கவும் உதவும் எண்களோ எழுத்துகளோ கொண்ட தாள்) முறையை உடைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் சாவி செய்தியின் நீளத்துக்குச் சமமாக, முழுக்க ஒழுங்கற்றதாக இருக்க வேண்டும். இரண்டாவது முறை தொடவே கூடாது. சோவியத் ஒன்றியம் போர்க்காலத்தில் சில தாள்களை இரண்டு முறை அச்சிட்டதால்தான் அமெரிக்கர்கள் வெனோனா என்ற சங்கேத உடைப்புத் திட்டத்தில் சோவியத் செய்திகளின் ஒரு பகுதியைப் படித்தார்கள். உங்கள் கதையில் சங்கேதம் உடைய வேண்டுமென்றால் இதைப் போல ஒரு மனிதத் தவறைக் காரணமாக்குங்கள்; மேதை ஒருவர் இரவோடு இரவாக உடைத்தார் என்பதை விட இது நம்பும்படி இருக்கும்.

துப்பாக்கியின் சத்தக் குறைப்பான் சத்தத்தை 20 முதல் 35 டெசிபல் வரைதான் குறைக்கும். பக்கத்து அறையில் கேட்கும். கைப்பேசி எந்தக் கோபுரத்தோடு இணைந்திருக்கிறது என்பது நெட்வொர்க்குக்கு உடனே தெரியும், "இன்னும் பத்து விநாடி பேச்சை வளர்" என்பது பழைய காலத்துக் காட்சி. ஆனால் ஒன்று: தொடர் தன் உலகில் ஒரு கருவியை ஏற்கெனவே அனுமதித்திருந்தால் அதைத் திருத்தாதீர்கள். தொடரின் உலகத்துக்கு விசுவாசம் முதலில், நிஜ உலகத் துல்லியம் அடுத்து. தொடர் வாய் திறக்காத இடங்களில் மட்டும் நிஜத்தைக் கொண்டுவாருங்கள்.

அளவும் காலமும்

75,000 சொல்லை 30 அத்தியாயமாகப் பிரித்தால் ஒன்றுக்கு 2,500. ஒரு நாளில் நடக்கும் கதை என்றால் மணிக்கு ஒன்றாக 24 அத்தியாயம், ஒன்றுக்கு 3,000 சொல்லுக்குச் சற்றுக் கூடுதல். இந்த அமைப்பில் பயண நேரத்தைத் தாளில் கணக்கிடாமல் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். நாள் ஒன்றுக்கு 2,000 சொல், வாரம் ஐந்து நாள் என்றால் முதல் பிரதிக்கு எட்டு வாரம். திருத்தத்துக்கு இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள். புதிய சீசனின் ஒளிபரப்புத் தேதியோடு சேர்த்துப் புத்தகத்தைத் திட்டமிட்டிருப்பார்கள், கெடு தள்ளிப்போகாது.

முடிவில் தொடரின் பாத்திரங்கள் எல்லோரும் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும்: அதே பதவி, அதே உறவு, அதே அறியாமை. நாயகன் நாவலில் தெரிந்துகொண்டதைத் தொடரில் ஏன் பேசுவதே இல்லை என்பதற்குக் கதைக்குள்ளேயே காரணம் வையுங்கள். கோப்பு மூடப்பட்டது, தகவலாளியின் பெயரைச் சொன்னால் அவர் குடும்பத்துக்கு ஆபத்து. உளவுக் கதையில் இப்படிப்பட்ட காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

பிரதியைக் கொடுத்த பிறகும் தொடரின் எழுத்தாளர்கள் மனம் மாறலாம். நீங்கள் பயன்படுத்திய துணைப் பாத்திரத்தைப் புதிய சீசனில் கொன்றுவிடலாம், அவருடைய முன்கதையை மாற்றலாம். தொடரைச் சார்ந்த ஒவ்வொரு தகவலும் உங்கள் பிரதியில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பட்டியல் ஒன்றை எழுதும்போதே சேர்த்து வாருங்கள். திருத்தச் சொல்லி அச்சுக்குப் போகும் தறுவாயில் தகவல் வரும்போது அந்தப் பட்டியல் இருந்தால் ஓரிரு நாள் வேலை. இல்லையென்றால் முழுப் பிரதியையும் முதலிலிருந்து படிக்க வேண்டும்.