மருத்துவமனையில் உடனிருப்போர் கவனத்துக்கு

மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட உறவினருக்குத் துணையாகத் தங்குபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, அவர் உடலில் பொருத்தப்பட்டுள்ள குழாய்களைத்தான். பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத கிளெப்சியெல்லா, அசினிடோபாக்டர் போன்ற பாக்டீரியாக்களுக்குச் சிறுநீர்க் குழாயும் ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாயும் எளிய நுழைவாயில்கள். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று அபாயம் கூடிக்கொண்டே போவதால், மருத்துவர் பார்வையிட வரும்போதெல்லாம் “இது இன்றும் தேவையா?” என்று தயங்காமல் கேளுங்கள், நல்ல மருத்துவர் எவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக்கூடாது. ஸ்கேன் எடுக்க ஸ்ட்ரெச்சரில் கொண்டு செல்லும்போது அதைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துவிட்டால், பையிலுள்ள சிறுநீர் கிருமிகளோடு உள்ளே திரும்பக்கூடும். ஊசி போட்ட இடம் சிவந்தாலோ வீங்கினாலோ உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

அசினிடோபாக்டர் உலர்ந்த கட்டில் கம்பியிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சானிடைசரை 20 முதல் 30 விநாடி வரை கைகளில் தேய்ப்பது அவசியம். வயிற்றுப்போக்கு உள்ளவரைக் கவனிப்பவர்கள் மட்டும் சோப்பும் தண்ணீரும் கொண்டே கழுவ வேண்டும். ஏனெனில், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியின் வித்துகள் சானிடைசரிலுள்ள ஆல்கஹாலில் அழிவதில்லை.