க்ரூகரில் ஒரு வார இறுதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குள், ஸ்குகூசா முகாமின் பெட்ரோல் பங்கில் எனக்கு முன்னால் ஒரு கார் நின்றது. உள்ளே ஐந்து பேர், நம்மூர்ப் பேச்சு. ஓட்டுபவர் மடியில் ஒரு போன், பக்கத்தில் இருந்தவர் கையில் இன்னொன்று; எந்த மிருகம் எங்கே தெரிகிறது என்று பார்த்தவர்கள் உடனுக்குடன் போடும் ஆப் அதில். "லோயர் சாபி ரோட்ல சிங்கம்டா. பதினெட்டு நிமிஷம் முன்னாடி போட்டிருக்கான். எடு வண்டிய." பணம் கொடுத்த கை உள்ளே வருவதற்குள் கார் கிளம்பிவிட்டது.

பத்து வருடங்களுக்கு முன் நானும் அதே முகாமிலிருந்து அப்படித்தான் கிளம்பினேன். அவர்களை நிறுத்தி இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

காரை விட்டு இறங்கக் கூடாது, ஜன்னலில் ஏறி உட்காரக் கூடாது, கத்தக் கூடாது என்பதெல்லாம் கேட்டில் கொடுக்கும் தாளிலேயே இருக்கிறது. அவற்றுக்குள் நான் போகவில்லை.

வெள்ளிக்கிழமை இரவே உள்ளே தங்கிவிடலாம் என்று கணக்குப் போடுவது

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து என்4 நெடுஞ்சாலையில் சுமார் 400 கி.மீ. நாலரை, ஐந்து மணி நேரம். மதியம் ஆபீஸிலிருந்து தப்பித்து வந்தால் ஐந்தரைக்கு மலலானே கேட் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். கேட் வரைக்கும் அந்தக் கணக்கு சரிதான். கேட்டுக்குள் நுழைந்த பிறகு ஸ்குகூசாவுக்கு இன்னும் 64 கி.மீ. இருக்கிறது. தார்ச் சாலையில் வேக வரம்பு 50, மண் சாலையில் 40. நடுவில் யானைக் கூட்டம் குறுக்கே வந்தால் மணிக்கு 25 கி.மீ. போவதே பெரிது. முகாம் கதவை நவம்பரில் மாலை 6.30-க்கு மூடிவிடுவார்கள், ஜூனில் 5.30-க்கே.

வெள்ளி இரவு மலலானேயிலோ கோமாட்டிபோர்ட்டிலோ வெளியே தங்குங்கள். சனி விடியற்காலையில் கேட் திறக்கும்போது வரிசையில் முன்னால் நில்லுங்கள். சனி இரவு மட்டும் உள்ளே. நவம்பர் முதல் ஜனவரி வரை வெளிக் கேட் 5.30-க்குத்தான் திறக்கும்; உள்ளே முகாமில் தங்கியவர்களுக்கு 4.30-க்கே கதவு திறக்கும். வெளியிலிருந்து யாரும் வராத அந்த ஒரு மணி நேரத்துக்காகவே உள்ளே தங்கலாம்.

பிறர் பார்த்ததைத் துரத்துவது

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான்.

பத்து வருடங்களுக்கு முன் போன அந்த முறை இரண்டு கார், ஒன்பது பேர். சனிக்கிழமை காலை ஐந்தேகாலுக்கெல்லாம் லேக் பேனிக் மறைவிடத்தில் உட்கார்ந்துவிட்டோம். ஸ்குகூசாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்ன அணைக்கட்டு அது. கரையில் மரத்தால் கட்டிய மறைவிடம், உட்கார நீளப் பலகை, கண் மட்டத்தில் திறப்பு. தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பட்டுப்போன கிளையில் கருப்பு வெள்ளை மீன்கொத்தி. இலைகளின்மேல் இலைக்கோழி ஒன்று நீள விரல்களைப் பரப்பி, ஒவ்வோர் அடியையும் சோதித்துச் சோதித்து வைத்து நடந்தது. நீர்யானையின் இரண்டு காதுகள். பின்னாலிருந்த மரத்தில் கானக மீன்கொத்தி 'ச்சிப்' என்று தொடங்கி, நீளமாக அதிர்ந்து இறங்கும் தன் குரலை எழுப்பிக்கொண்டிருந்தது. கோடையில் மட்டும் வடக்கிலிருந்து வந்து போகும் பறவை.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். என் போன் அதிர்ந்தது. நுகுலு ஓய்விடத்துக்குப் பக்கத்தில் மரத்தின்மேல் சிறுத்தை, இம்பாலா மானைத் தூக்கி வைத்திருக்கிறதாம். நான் எழுந்துவிட்டேன். என் காரில் வந்த நால்வரும் எழுந்தார்கள். இன்னொரு காரில் வந்த நண்பரின் மனைவி, "நீங்க போய்ட்டு வாங்கண்ணா, நாங்க இங்கயே இருக்கோம்" என்றார். அவர் மகள், எட்டு வயது, ஓவிய நோட்டை மடியில் விரித்துக் கிரேயான் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

நாங்கள் போய்ச் சேரும்போது இரண்டு பக்கமும் முப்பது கார்களுக்குமேல். கிளையில் இம்பாலாவின் பின்னங்கால் ஒன்று தொங்கியது. இன்ஜின் சத்தம் தாங்காமல் சிறுத்தை இறங்கிப் புதருக்குள் போய்விட்டது என்றார்கள். அதற்குள் அடுத்த செய்தி: ட்ஷோக்வானே சாலையில் சிங்கங்கள். போனோம். நூற்றைம்பது மீட்டர் தள்ளி ஒரு புதர் நிழலில் காது ஒன்று அசைந்தது. பிறகு தெற்கே சிவிங்கிப்புலி என்றார்கள். அதற்கும் போனோம், வெறும் புல்தான் இருந்தது. மூன்று மணிக்கு முகாமுக்குத் திரும்பியபோது மீட்டரில் 190 கி.மீ. ஏறியிருந்தது. நாள் முழுக்க நான் எழுதிய பறவைகள் 31.

சிறுமி ஓடி வந்தாள். "மாமா, நீங்க போனப்புறம் வாத்து மாதிரி ஒண்ணு வந்துச்சு. ஆனா வாத்து இல்ல. கால் ரெண்டும் ஆரஞ்சு கலர்." நோட்டைக் காட்டினாள். தண்ணீரில் தாழ்ந்து மிதக்கும் கருமையான உடம்பு, நீளக் கழுத்து, கூரான சிவப்பு அலகு. கிழிந்துவிடும் அளவுக்கு அழுத்தித் தேய்த்த ஆரஞ்சுக் கால்கள்.

ஆப்பிரிக்க ஃபின்ஃபுட். கரையில் கவிந்த கிளைகளின் நிழலை விட்டு வெளியே வராமல் நீந்தும் கூச்சப் பறவை. அதன் கால் நிறத்தை எட்டு வயதுக் குழந்தை தானாகக் கற்பனை செய்ய முடியாது. வருடத்துக்கு இரண்டு முறையாவது அந்தப் பலகையில் போய் உட்காருகிறேன். இன்றுவரை நான் அதைப் பார்க்கவில்லை.

துரத்தல் ஏன் தோற்கிறது என்று பிறகு யோசித்தேன். செய்தி நம் கைக்கு வரும்போதே பழையது. 25 கி.மீ. தள்ளி என்றால், வரம்பை மீறாமல் போனாலே அரை மணி நேரம். வேட்டை மிருகம் அதுவரை காத்திருந்தாலும், நமக்கு முன்னால் வந்த முப்பது கார்கள் அதை இருக்க விடாது. ஆகவே எல்லோரும் வேகத்தைக் கூட்டுகிறார்கள். ஆமையும் பச்சோந்தியும் சாலையில் நசுங்குவது இப்படித்தான். மறைவிலிருந்து வேகமானியோடு நிற்கும் போக்குவரத்து அதிகாரிகள் உள்ளேயும் இருக்கிறார்கள். அந்த நாளில் எங்கள் காருக்கும் ஒரு அபராதச் சீட்டு கிடைத்தது. 2016-லேயே தென்னாப்பிரிக்க தேசியப் பூங்கா நிர்வாகம் இந்த உடனடிச் செய்தி ஆப்களைப் பற்றி வெளிப்படையாகக் கவலை தெரிவித்தது. ஆப்கள் இன்னும் இருக்கின்றன.

என்ன செய்யலாம்? காலைக்கு ஒரு இடம், மாலைக்கு ஒரு இடம் போதும். காலையில் லேக் பேனிக். மாலையில் லோயர் சாபி முகாமுக்குப் பக்கத்தில் சன்செட் டாம்; காரிலிருந்தே முதலை, நீர்யானை, நாரைகள் எல்லாம் தெரியும். இன்ஜினை அணைத்துவிட்டுக் குறைந்தது ஒரு மணி நேரம். நாம் வந்ததும் அடங்கிப்போன சத்தங்கள் திரும்ப எழவே கால் மணி நேரம் பிடிக்கும்.

போனை விடப் பறவைகள் நன்றாகச் செய்தி சொல்லும். பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) மரத்தில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தால், இரையின்மேல் இன்னும் சிங்கமோ கழுதைப்புலியோ இருக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் அவை இறங்காமல் காத்திருக்கின்றன. கினிக்கோழிகள் சேர்ந்து ஓயாமல் கத்தினால் அந்தப் பக்கம் பாருங்கள். இம்பாலாக்கள் மேய்வதை நிறுத்தி எல்லாம் ஒரே திசையில் முகம் திருப்பினாலும் அப்படியே. நான் பார்த்த மிகச் சிறந்த சிறுத்தை, லோயர் சாபி சாலையில் கினிக்கோழிக் கூச்சலுக்குப் பிறகு வந்தது. எங்கள் கார் ஒன்றுதான் அங்கே நின்றது.

சிங்கம் பார்க்கவே வந்த நண்பர்களை ஒரு காரிலும், பறவை பார்க்க வந்தவர்களை இன்னொன்றிலும் ஏற்றிவிடுங்கள். வீட்டில் கிளம்பும்போதே.

'பெரிய ஐந்து' பட்டியலோடு வருவது

சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம்: நடந்து போய் வேட்டையாடுவதற்கு ஆபத்தானவை என்று பழைய வேட்டைக்காரர்கள் பிரித்துவைத்த பட்டியல் அது. பறவைக்காரர்களுக்குப் 'பெரிய ஆறு' உண்டு: தரை இருவாச்சி, நம் கானமயிலின் உறவான கோரி பஸ்டர்ட், மடிப்புமுகப் பாறு, மார்ஷியல் கழுகு, சேணமூக்கு நாரை, பெல் மீன் ஆந்தை. கடைசிப் பறவை வடக்கே லுவுவ்ஹு ஆற்றங்கரைப் பக்கம்தான் அதிகம் தெரியும். தெற்கில் ஒரே வார இறுதிக்கு வருபவர்கள் அதை மறந்துவிடலாம்.

ஒரு பைனாகுலர், நாலு பேர்

ஆளுக்கொன்று. 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன் லென்ஸ் 42 மி.மீ.) போதும்.

பறவைக் குரலைப் போனில் ஒலிப்பது

கூடு காக்கும் பறவை, எதிரி வந்துவிட்டது என்று நினைத்து முட்டையை விட்டு வெளியே வரும். செய்யாதீர்கள்.

ஊர்ப் பழக்கத்தில் பெயர் ஒட்டுவது

கருப்பு வெள்ளை மீன்கொத்தி நம்மூரில் இருக்கும் அதே இனம்தான். ஆனால் ஊதா மார்போடு கம்பத்தில் உட்கார்ந்திருப்பது நம் பனங்காடை அல்ல, அதன் உறவுக்காரப் பறவை. நம் மைனாவைக் கண்டால் மட்டும் மகிழ்ந்து பட்டியலில் எழுதிவிட்டு நகராதீர்கள். 1902 வாக்கில் டர்பனில் கூண்டிலிருந்து தப்பிய மைனாக்கள் இன்று நாட்டின் பெரும்பகுதியில் பரவி, உள்ளூர்ப் பறவைகளின் பொந்துகளைப் பிடித்துக்கொள்கின்றன. பூங்காவுக்குள் பார்த்தால் முகாம் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

யானையின் கன்னத்தில் நீர் வழிந்தால் மதம் என்று முடிவு கட்டுவது

நம்மூர் யானைகளில் மதநீர் ஆண்களின் அடையாளம். இங்கே பெண் யானைக்கும் கன்னத்தில் நீர் வழியும். பரபரப்பு, பதற்றம், கூட்டத்தோடு திரும்பச் சேரும் உற்சாகம் எதிலும். ஆண் யானை தனியாக, தலையை நிமிர்த்தி, சிறுநீர் சொட்டச் சொட்டப் பின்னங்கால் நனைந்து வந்தால் அது மதம். அப்போது இன்ஜினை ஓடவிட்டு, தூரத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுங்கள். பின்னால் நிற்கும் காருக்கு வழி தெரியும்படி முதலிலேயே இடம் விட்டு நிறுத்தியிருக்க வேண்டும். மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டமானால், குட்டிக்கும் தாய்க்கும் நடுவே காரை நுழைக்காமல் இருந்தால் போதும்.

புளியோதரையைப் பகிர்வது

ஓய்விடத்தில் மேசைக்கு வரும் மஞ்சள் அலகு இருவாச்சி அழகுதான். ஒரு பருக்கைகூடப் போடாதீர்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பபூன் குரங்கு அடுத்து வரும். மனிதர் கையிலிருந்து பிடுங்கப் பழகிய பபூனைக் கடைசியில் சுட்டுவிடுகிறார்கள்.

காண்டாமிருகத்தின் இடத்தைச் சொல்வது

கொம்புக்காக அவற்றைத் தேடிக்கொண்டிருப்பவர்களும் அதே வாட்ஸப் குழுக்களைப் படிக்கிறார்கள். சாலை எண், ஓடை, மரம் எதையும் எழுதாதீர்கள். படம் எடுக்கும் முன் போனில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். நண்பர்களுக்கு அனுப்புவதானாலும் வீடு திரும்பிய பிறகு அனுப்புங்கள்.