இடைக்காலத் தீர்ப்புக்குப் பிறகு அப்பா போனார்: என் அனுபவம்

சிங்கப்பூரில் அப்பாவுக்கும் அவர் மறுமணம் செய்த சின்னம்மாவுக்கும் விவாகரத்து இடைக்காலத் தீர்ப்பு வந்தாயிற்று. இறுதித் தீர்ப்புக்கு 3 மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அப்பா மாரடைப்பில் இறந்துவிட்டார். உயில் இல்லை.

சின்னம்மாவுக்கு ஒன்றும் கிடையாது என்றே நினைத்தேன். வக்கீல் திருத்தினார்: இறுதித் தீர்ப்பு வரும்வரை அவர் சட்டப்படி மனைவிதான். சிங்கப்பூரில் முஸ்லிம் அல்லாதவர் உயிலின்றி இறந்தால் பாதி துணைக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. எனக்கும் தம்பிக்கும் ஆளுக்குக் கால் பங்கு.

மசேநி (மத்திய சேம நிதி) பணத்தில்தான் மனம் உடைந்தது. அதைப் பெற அப்பா என்னையும் தம்பியையும் எப்போதோ நியமித்திருந்தார். ஆனால் மறுமணம் செய்தவுடன் பழைய நியமனம் தானாகவே ரத்தாகிவிட்டதாம். புதிதாக எழுத அவருக்கு யாரும் சொல்லவில்லை, பாவம். அந்தப் பணம் பொது அறங்காவலர் என்ற அரசு அலுவலகம் வழியாக அதே பாதி, கால், கால் விகிதத்தில் பிரிந்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு அப்பா, சின்னம்மா இருவர் பேரிலும் கூட்டுரிமை, அதாவது ஒருவர் இறந்தால் முழுதும் மற்றவருக்கு; அது நேராகச் சின்னம்மாவுக்கே போனது.

மற்றச் சொத்தைப் பிரித்துக் கொடுக்க நிர்வாகப் பத்திரம் என்ற நீதிமன்ற அனுமதி வேண்டும். தம்பிக்கு 16 வயது. 21 நிரம்பாத வாரிசு இருந்தால் நிர்வாகிகள் இருவர் தேவை. வழக்காட எனக்குத் தெம்பில்லை. சின்னம்மா வீட்டுக்குப் போய், "தம்பிக்காகச் சேர்ந்து கையெழுத்துப் போடுவோமா, சின்னம்மா?" என்றேன். அழுதுகொண்டே சரி என்றார். இருவருமாக விண்ணப்பித்தோம். தம்பி பங்கு இப்போது தனிக் கணக்கில் இருக்கிறது.