கூட வேலை பார்த்தவர் இறந்துவிட்டால்

ஆபீஸ் நட்பை யாரும் திட்டம் போட்டு வளர்ப்பதில்லை, பதினோரு மணி டீக்குச் சேர்ந்து இறங்குவது, டிபன் பாக்ஸ் மூடியில் அவர் வீட்டு வத்தக்குழம்பு நம் பக்கம் வருவது, மேனேஜரைப் பற்றிப் புலம்புவது என்று அது பாட்டுக்கு வளர்ந்துவிடும். "சொந்தமா என்ன?" என்று கேட்பவர்களைக் கண்டுகொள்ளாமல் அழுங்கள்.

துக்கம் விசாரிக்கத் தனியாகப் போகத் தயக்கமா, நாலு பேராகப் போங்கள். வீட்டாருக்குத் தெரியாத ஆபீஸ் கதை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். அவர் மேஜையை நீங்களே காலி செய்து பொருட்களைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அப்புறம் பி.எஃப். விஷயம். பணியில் இருக்கும்போது இறந்த உறுப்பினரின் குடும்பத்துக்கு பி.எஃப்.போடு சேர்ந்தே வரும் இ.டி.எல்.ஐ. என்ற ஆயுள் காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், பல வீடுகளுக்கு இது தெரியவே தெரியாது. அதற்கான விண்ணப்பத்தில் கையெழுத்துக்காக ஹெச்.ஆரை நச்சரிப்பது உங்கள் வேலை.