சயாட்டிகாவுக்கு லேசர் வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால், அந்த 61 நாளும் எங்கள் பிசியோதெரபி கிளினிக் பெஞ்சில் இடம் இருக்காது. கடலுக்குப் போகிற நாளில் இடுப்பைப் பார்க்க யாருக்கு நேரம்? படகைக் கட்டிய பிறகுதான் "பின்னந்தொடையில இருந்து கெண்டைக்கால் வரைக்கும் சுண்டி இழுக்குது, கரண்டு வைங்க" என்று வருவார்கள். கீழ்முதுகில் நரம்பு நெருக்கப்பட்டுக் காலுக்கு இறங்கும் இந்த வலிதான் சயாட்டிகா.

இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் லேசர் வைப்பதைப் பார்த்தேன். பழைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது. கண்ணாடி மாட்டுவது, புற்றுக்கட்டி மேல் வைக்கக் கூடாது என்பதெல்லாம் கல்லூரியிலேயே சொல்லியிருப்பார்கள். அதை விடுங்கள்.

வலிக்கிற இடத்தில் வைப்பது

கெண்டைக்காலில் வலி என்றால் கெண்டைக்காலில் லேசர். நரம்பு நெருக்கப்படுவதோ பெரும்பாலும் கீழ்முதுகில், எல்4-எல்5, எல்5-எஸ்1 எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கில்.

வலி குறைந்ததும் கொண்டாடுவது

இதை நினைத்தால் இன்னமும் என் மீதே எரிச்சல் வரும். தங்கச்சிமடத்து விசைப்படகுக்காரர் ஒருவர். முதல் நாள் வலி பத்துக்கு எட்டு என்றவர், ஐந்தாம் நாள் இரண்டு என்றார். நோட்டில் கீழ்நோக்கி அம்புக்குறி போட்டு எழுதினேன். கிளம்பும்போது, "வலி இல்ல தம்பி, இந்தச் செருப்புதான் கால்ல நிக்க மாட்டேங்குது. வழியிலேயே கழண்டுருது" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வார் வச்ச செருப்பா வாங்குங்கண்ணே."

மேலும் மூன்று நாள் லேசர் வைத்தேன். எட்டாம் நாள் வாசற்படியில் கால் தட்டி விழப்போனார். அப்புறம்தான் குதிகாலில் நடக்கச் சொன்னேன். வலது முன்பாதம் எழவே இல்லை. எல்5 நரம்பு வேர் செயலிழந்துகொண்டிருந்தது. நசுங்கிய நரம்பு மரத்துப்போனாலும் வலி குறையும். அதை நான் லேசரின் பெருமையாக எழுதி வைத்திருந்தேன். மதுரைக்கு அனுப்பி ஆபரேஷன் நடந்தது. ஆனாலும் பாதம் முழுதாகத் திரும்பவில்லை. ஆடுகிற படகில் நின்று வலை இழுப்பவருக்கு அது சின்ன விஷயமா?

இப்போது தினமும் மெஷினை ஆன் செய்யும் முன் கால் கட்டைவிரலை என் கைக்கு எதிராகத் தூக்கச் சொல்கிறேன். குதிகாலில் பத்தடி, நுனிக்காலில் பத்தடி. ஒரு நிமிஷ வேலை. மூத்திரம் போகச் சிரமம், ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, இரண்டு காலிலும் பலம் குறைவது என்று எது சொன்னாலும் அன்றைக்கே அவசரப் பிரிவு.

வாட்டைச் சொல்லி ஜூல் கணக்கை மறப்பது

டோஸ் என்பது உள்ளே போகிற மொத்த சக்தி, அதாவது ஜூல். அரை வாட் ப்ரோபை (லேசர் வரும் முனையை) 60 விநாடி வைத்தால் 30 ஜூல். "பத்து நிமிஷம் வச்சேன் சார்" என்பது டோஸ் இல்லை. அதிக சக்தியுள்ள கிளாஸ் 4 மெஷின் என்றால் கை நகர்ந்துகொண்டே இருக்கட்டும். வெயிலில் கறுத்த தோலும் பச்சை குத்திய இடமும் சீக்கிரம் சுடும்.

எம்.ஆர்.ஐ. படத்துக்கு வைத்தியம் பார்ப்பது

படத்தில் டிஸ்க் பிதுங்கியிருந்தும் வலியே இல்லாமல் நடமாடுபவர்கள் உண்டு.

பத்து சிட்டிங் பேக்கேஜ்

விற்காதீர்கள். சயாட்டிகா பலருக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். லேசருக்கான ஆதாரமும் அவ்வளவு பலமாக இல்லை. கடல்பாசி எடுக்கிற அக்காவிடம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிவிட்டால், ஐந்தாம் நாள் "இனி வேண்டாம்க்கா, நடந்தா போதும்" என்று சொல்ல வாய் வராது.