தூங்கும் அழகியை செட்டிநாட்டு வீட்டுல தூங்க வைக்கிறது எப்படி

போன வாரம் ஒரு தம்பி போன் பண்ணான். தூங்கும் அழகி கதையை இந்தக் காலத்துல நடக்குற மாதிரி படமா எடுக்குறாங்களாம், கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடு ஒண்ணு பேசியாச்சாம், அவன் தான் ஆர்ட் டைரக்ஷன் பாக்குறான், "அண்ணே எங்க இருந்து ஆரம்பிக்கிறது"ன்னு கேட்டான். போன்ல சொன்னது பாதி தான், மீதியையும் சேர்த்து இங்க எழுதுறேன். இந்த ஊர் வீடுகள்ல வேலை பாத்து கத்துக்கிட்டது எல்லாமே இதுல இருக்கு.

முதல்ல கதையை முழுசா படிங்க. நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சது கார்ட்டூன்ல பாத்தது தான், பழைய எழுத்துல டிசைனருக்கு வேண்டிய சரக்கு எக்கச்சக்கமா இருக்கு. பிரான்ஸ்ல பெரோ 1697ல எழுதினது ஒண்ணு, ஜெர்மனில கிரிம் சகோதரர்கள் 1812ல போட்டது ஒண்ணு. கிரிம் கதைல ராஜா வீட்டு விருந்துக்கு கூப்பிட வேண்டிய பெரிய மனுஷிங்க 13 பேர், ஆனா தங்கத் தட்டு 12 தான் இருக்கு, அதனால ஒருத்தரை கூப்பிடாம விட்டுடுறாங்க, அந்த ஒருத்தர் வந்து தான் சாபம் குடுக்குறார். அப்புறம் ராஜா பொண்ணு விரல்ல நூல் நூக்குற கதிர் குத்தினதும் அவ மட்டுமா தூங்குறா, குதிரை, நாய், கூரை மேல இருக்குற புறா, சுவத்துல உக்காந்த ஈ, அடுப்புல எரியுற தீ வரைக்கும் எல்லாம் நூறு வருஷம் தூங்குது. சமையல்காரன் எடுபிடிப் பையன் முடியைப் பிடிச்சு இழுக்கப் போற நேரத்துல அப்படியே நின்னுடுறான். இதையெல்லாம் படிச்சா உங்க ப்ராப்பர்ட்டி லிஸ்ட்ல, அதாவது காட்சில வைக்க வேண்டிய சாமான் பட்டியல்ல, பாதி தன்னால வந்துரும்.

இப்ப முக்கியமான விஷயம், இதுல தான் எல்லாரும் தப்பு பண்றாங்க. நூறு வருஷம் பூட்டிக் கெடந்த வீடுன்னதும் உடனே ஒட்டடை, தூசி, கரையான் புத்து, வௌவால்னு அடிச்சு விட்டுடுறாங்க. யோசிச்சுப் பாருங்க, உள்ள இருக்குறவங்களுக்கு ஒரு நாள் கூட வயசு ஏறலன்னா அங்க தூசி எப்படி விழும்? வீட்டுக்கு வெளிய நூறு வருஷம் ஓடிருக்கு, உள்ள ஒரு நிமிஷம் கூட ஓடல. அப்போ வெளிய இருந்து உள்ள போகப் போக பழசு குறையணும். செட்டிநாட்டு வீடு இதுக்குன்னே கட்டின மாதிரி நீளமா தெருவுக்குத் தெரு போகுது, முகப்பு, திண்ணை, பட்டாலை, வளவு (நடு முற்றம்), ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு ஒவ்வொரு நிலையா தாண்டித் தாண்டி போவோம். அதனால முகப்புல காரை பேந்து பாசி பிடிச்சு இருக்கட்டும், திண்ணைல செம்மண் தூசி இருக்கட்டும், நிலைவாசல்ல கெஜலட்சுமி செதுக்கினதுல வெளிப்பக்கம் மட்டும் தேக்கு வெளுத்துப் போயிருக்கட்டும், வாசப்படியைத் தாண்டி உள்ள கால் வச்சா தரை அன்னைக்கு காலைல தான் தொடைச்ச மாதிரி ஈரமா மின்னணும். பூஜைல வச்ச மல்லிகைப்பூ கூட வாடாம இருக்கணும். இந்த ஒரு விதியை டைரக்டர்கிட்டயும் கேமராமேன்கிட்டயும் முதல் மீட்டிங்லயே பேசி முடிச்சுக்குங்க, அப்புறம் கிராஃபிக்ஸ்ல செலவு பண்ண வேண்டியதுல பாதி மிச்சம்.

வெளிய வர்ற முள்ளு. கிரிம் கதைல ரோஜா முள், நமக்கு அது வேண்டாம், சீமைக் கருவேலம் இருக்கே. அது நம்ம ஊர் மரமே கெடையாது, அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்தது, சுதந்திரத்துக்கு அப்புறம் தான் இந்தப் பக்கம் இப்படிக் காடா பரவுச்சு. வீடு தூங்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் வந்த மரம் வீட்டைச் சுத்தி வளைச்சு நிக்குதுன்னா பாக்குறவனுக்கு சொல்லாமலே காலம் புரியும். ஆனா நிஜ முள்ளை வெட்டிட்டு வந்து குவிச்சுடாதீங்க, செருப்பு ரப்பரை எல்லாம் ஈஸியா தாண்டி காலுக்குள்ள ஏறிடும், ரெண்டு நாள்ல இலையும் கொட்டிடும். தூரத்துல தெரியுற எடத்துக்கு மட்டும் நிஜம் போதும். நடிகர் உடம்பு படுற எடத்துல கயிறு மேல கட்டுக்கம்பி சுத்தி, அது மேல ரப்பர் பால்ல நனைச்ச பேப்பர் ஒட்டி கிளை பண்ணி, முள்ளை மட்டும் ஃபோம்ல வெட்டி ஒட்டுங்க. முள் ரெண்டு ரெண்டா ஜோடியா வரணும், இந்த ஊர்க்காரங்க அதைப் பாத்தே வளந்தவங்க, ஒத்தை முள் வச்சா உடனே கண்டுபிடிச்சுருவாங்க.

அடுத்து தேதி. கதை 2025ல முழிக்குதுன்னா வீடு 1925ல தூங்கிருக்கு. அப்போ 1925ல என்ன இருந்துச்சோ அது மட்டும் தான் வாசப்படிக்கு உள்ள. பர்மாத் தேக்குத் தூண் இருக்கும், பெல்ஜியம் கண்ணாடி இருக்கும், ரவிவர்மா படம் இருக்கும் (அவர் அச்சகம் 1894லயே வந்தாச்சு), கிராமபோன் இருக்கும், மங்குத் தட்டு, மங்கு அடுக்கு, பித்தளை, வெண்கலம், ஓலைக் கொட்டான் எல்லாம் இருக்கும். எவர்சில்வர் ஒரு டம்ளர் கூட வரக்கூடாது, பிளாஸ்டிக் குடம் வரக்கூடாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைங்க வரிசையா இருக்கு, அங்க ஒரு முழு நாள் ஒதுக்குங்க, வாடகைக்கும் பேசிப் பாருங்க. சுவிட்ச் போர்டு, பேன் கொக்கி, சிசிடிவி எல்லாம் வீட்டுல இருக்கத் தான் செய்யும், அதை மறைக்க புதுசா ஆணி அடிக்காம, ஏற்கனவே சுவத்துல இருக்குற கொக்கில படத்தை மாட்டி மறைங்க.

13 பேர் 12 தட்டு சமாச்சாரத்துக்கு வருவோம். இதை அப்படியே நம்ம பக்கம் கொண்டு வரலாம், ஏன்னா கல்யாணத்துக்கு அழைக்காம விட்டாங்கங்கிறதை விட பெரிய கோபம் நம்ம ஊர்ல என்ன இருக்கு? தங்கத் தட்டுக்கு பதிலா வெள்ளித் தட்டு. கல்யாணத்துல சாமான் பரப்பி வைக்கிறப்ப வளவுல வரிசையா பாய் விரிச்சு 12 வெள்ளித் தட்டு, பதிமூணாவது பாய் முன்னாடி மட்டும் வெறும் தரை. வசனம் ஒண்ணு கூட வேணாம், அந்த வெறும் எடத்தை மேல் மாடில இருந்து ஒரு ஷாட் எடுத்தா போதும். சாபம் குடுக்க வர்ற ஆச்சி நேரா அங்க வந்து உக்காரட்டும்.

கதிரு. காரைக்குடில கண்டாங்கிச் சேலை இன்னும் தறில நெய்யுறாங்க, 2019ல புவிசார் குறியீடு கூட கெடைச்சுது. தறிக்குப் பக்கத்துல ராட்டை வச்சு தார் (ஊடை நூல்) சுத்துவாங்க, அந்த ராட்டையோட இரும்புக் கதிர் தான் நம்ம சாபப் பொருள். நெசவு வீட்டுக்கு நேர்ல போய் ராட்டை சுத்துறதைப் பாருங்க, உக்காந்த கை எந்த உயரத்துல வருதுன்னு அளவு எடுங்க. அதே மாதிரி மூணு கதிர் பண்ணணும், க்ளோசப்புக்கு நிஜ இரும்பு, நடிகைக்கு முனை மழுங்கின மரம், விரல்ல குத்துற ஷாட்டுக்கு அமுங்குற ரப்பர் முனை. மூணுக்கும் ஒரே கறுப்பு, ஒரே எண்ணெய்ப் பளபளப்பு வரணும்.

சமையக்கட்டு எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம். மூணாங்கட்டுல ஆச்சி வெள்ளைப் பணியாரம் சுட்டுக்கிட்டு இருக்கும்போது தூக்கம் வருது. அப்போ எண்ணெய்ச் சட்டில பணியாரம் பாதி உப்பி, சுத்தி நுரை அப்படியே நின்னு, மேல கரண்டி ஒரு சொட்டு எண்ணெயோட நிக்கணும். இதை நிஜமாவே செஞ்சு காட்டலாம். இரும்புச் சட்டில கிளியர் ரெசின் ஊத்தணும், ஒரேடியா ஊத்துனா சூடேறி விரிசல் விட்டுரும், அரை இஞ்ச் அரை இஞ்சா ஊத்தி ஒவ்வொண்ணும் ஆறினதுக்கு அப்புறம் அடுத்தது. எண்ணெய் நிறம் வர மஞ்சள் சாயம் ரெண்டு சொட்டு, அதுக்கு மேல போனா தேன் மாதிரி ஆயிடும். கடைசி லேயருக்கு முன்னாடி சின்னச் சின்ன கண்ணாடி மணியைப் பணியாரத்து ஓரமா தூவுனா நுரை மாதிரியே தெரியும். பணியாரம் நிஜத்துல சுட்டு அச்சு எடுத்து சிலிகான்ல வார்த்துக்குங்க. சொட்டு எண்ணெயை நைலான் நரம்புல தொங்க விட்டுருங்க.

வெளிச்சத்துக்கும் அதே விதி தான், இதை கேமராமேன்கூட உக்காந்து தான் பேசணும். ஜன்னல் மேல கலர் கண்ணாடி இருக்குல்ல, அதுல வெயில் பட்டு சிவப்பும் பச்சையும் தரைல விழும், நிஜத்துல அந்தக் கலர் நகர்ந்துக்கிட்டே இருக்கும். தூங்குற வீட்டுல நகரக்கூடாது. அதனால வெளிய சாரம் கட்டி கறுப்புத் துணி போட்டு வெயிலை மறைச்சு, லைட்டை ஒரே எடத்துல நிறுத்துங்க, தரைல கலர் விழுற எடத்தை சாக்பீஸ்ல குறிச்சு வச்சுக்குங்க. அவ கண்ணு முழிக்கிற ஷாட்ல அந்தச் சிவப்பு ஒரு விரக்கடை நகரட்டும், போதும். வளவு மேல துணி கட்டுறப்ப தூண்ல கயிறு கட்டாதீங்க, தேக்கு பாலிஷ் தேஞ்சுரும், மொட்டை மாடில மணல் மூட்டை வச்சு இழுங்க. ஓட்டு மேல யாரும் கால் வைக்கவே கூடாது, இன்னைக்கு விரிசல் விட்டா ஐப்பசி மழைல தான் ஒழுகும், அப்போ நீங்க அங்க இருக்க மாட்டீங்க.

தரைக்கு ஆத்தங்குடிக் கல்லு. இதுல வினைல் ஸ்டிக்கர் ஒட்டுறவங்களைப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கு, நிஜக் கல்லு பத்து கிலோமீட்டர்ல செய்யுறாங்க. கண்ணாடித் தகடு மேல அச்சை வச்சு, கட்டம் கட்டமா கலர் சிமெண்ட் கலவையை ஊத்தி, அச்சை எடுத்துட்டு மேல காஞ்ச சிமெண்ட் மணல் தூவி, அதுக்கு மேல ஈரக் கலவை போட்டு இறுக்கி, காயவிட்டு தண்ணில ஊற வைப்பாங்க. கண்ணாடில பட்ட பக்கம் தான் அந்தப் பளபளப்பு, தீயில சுடுறதே கெடையாது. கதைக்குன்னு தனி அச்சு பண்ணச் சொல்லலாம், வாசல்கிட்ட சாதாரணப் பூ, உள்ள போகப் போக அதே பூ கொடியாகி முள் முளைக்குற மாதிரி மூணு நாலு டிசைன். இருபதுக்கு இருபது அடி தளத்துக்கு பத்து இஞ்ச் கல்லு 576 வரும், உடையுறதுக்கு பத்து சதவீதம் சேர்த்து 635 சொல்லுங்க. எல்லாம் கைவேலை, அதனால ஷூட்டிங்குக்கு ரொம்ப முன்னாடியே ஆர்டர் குடுத்துருங்க. வீட்டுல இருக்குற தரை மேல இதைப் பதிக்கக் கூடாது, ப்ளைவுட் மேடை போட்டு அது மேல அடுக்கணும், அடியில ரப்பர் ஷீட்.

சுவத்தைப் பத்தி என் அனுபவம் ஒண்ணு சொல்றேன். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து பூசி, கல்லால தேச்சுத் தேச்சு மெருகு ஏத்தின சுவர் அது, தொட்டா சில்லுனு இருக்கும். நான் வேலைக்கு வந்த புதுசுல ஒரு பழைய வீட்டுல டபுள் சைடு டேப் போட்டு ஒரு பேனல் ஒட்டினேன், பாரமே இல்லாத பேனல், சாயங்காலம் உரிச்சா ரெண்டு கை அகலத்துக்கு பூச்சு டேப்போட வந்துருச்சு. அந்த வீட்டு ஆச்சி வந்து பாத்தாங்க. சத்தம் போடல, அந்த எடத்துல கைய வச்சு, "எங்க ஐயா பக்கத்துல நின்னு பூசச் சொன்னது தம்பி"ன்னு மட்டும் சொன்னாங்க. புட்டி வச்சு அடைக்கப் பாத்தோம், உயிரில்லாத வெள்ளையா தனியாத் தெரிஞ்சுது. கடைசில சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஒரு வயசான கொத்தனாரைத் தேடிப் பிடிச்சு சரி பண்ணோம், அப்பவும் சாய்வா வெளிச்சம் பட்டா ஓரம் தெரியும். அன்னைல இருந்து சுவத்துல டேப், ஆணி, பசை எதுவும் கெடையாது. எல்லா பேனலும் தன் கால்ல நிக்கணும், பின்னாடி முட்டுக்கட்டை, அது மேல மணல் மூட்டை, சுவத்துக்கும் பேனலுக்கும் நடுவுல நாலு விரக்கடை எடம். பழசாக்குற வேலை, அதாவது காவி, டீ டிகாஷன், முல்தானி மெட்டி எல்லாம் நம்ம பேனல் மேல மட்டும் தான்.

அனுமதி வாங்குறதும் ஆர்ட் டிபார்ட்மென்ட் வேலைன்னே நெனைச்சுக்குங்க. ஒரு வீடு பல புள்ளிக்கு, அதாவது பங்குள்ள பல குடும்பத்துக்குச் சொந்தமா இருக்கும், வளவைச் சுத்தி ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு புள்ளியோட பூட்டுல இருக்கும், ஒருத்தர் சென்னைல, ஒருத்தர் மலேசியால. வீட்டைப் பாத்துக்குற அண்ணன் சரின்னா மட்டும் பத்தாது, எல்லாருக்கும் ப்ளான் அனுப்பி எந்த அறை, எந்தத் தூண், எத்தனை நாள்னு எழுதி வாங்குங்க. பூட்டின அறையைத் திறக்கச் சொல்லி கெஞ்சாதீங்க. பூட்டோடவே கேமரால வரட்டும், தூங்குற வீட்டுக்கு அதை விட நல்ல ப்ராப்பர்ட்டி எங்க கெடைக்கும். படைப்பு (முன்னோருக்குப் படைச்சுக் கும்பிடுறது) நடக்குற அறை இருந்தா அதை முதல் நாளே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, வாசல்ல கயிறு கட்டிருங்க, செருப்புக் காலோட லைட்மேன் யாரும் அந்தப் பக்கம் போயிடக் கூடாது.

உள்ள நுழையுற அன்னைக்கே ஒவ்வொரு அறையையும் நாலு மூலைல இருந்து போட்டோ எடுத்து வைங்க, முடிச்சுட்டுப் போறப்ப ஒவ்வொரு சாமானும் அதே எடத்துக்குப் போகணும். முள் காட்டைப் பிரிக்கிறப்ப கட்டுக்கம்பி துண்டு துண்டா விழும், கூட்டுனா வராது. ஒரு பெரிய காந்தத்தைக் கயித்துல கட்டி வளவு, திண்ணை, வாசல் மணல்னு மெதுவா இழுத்துட்டு வாங்க, ரெண்டு தடவை. படைப்புக்கு ஊர்ல இருந்து வர்ற பிள்ளைங்க அங்க வெறுங்கால்ல தான் ஓடும்.