கால் ஊன்றுகிறது, சரி. அப்புறம்?

க்ரூஸர் பைக்கில், அதாவது சீட் தாழ்ந்து, கால் முன்னே நீளும் ரக வண்டியில், முதன்முதலாக உட்காருகிறவர் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "ரெண்டு காலும் நல்லா தரையில ஊனுதுங்க." ராயல் என்ஃபீல்டின் க்ரூஸரான மீட்டியோர் 350-இன் சீட் உயரம் 765 மி.மீ. அதே நிறுவனத்தின் சாதாரண பைக்கான கிளாசிக் 350-இல் அது 805. நாலு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஐந்தேகால் அடி ஆளுக்கு அந்த நாலு சென்டிமீட்டரில்தான் தைரியமே இருக்கிறது. பலருக்கு இந்த ரக வண்டி பிடித்துப்போவதற்குக் காரணம் இதுதான். முதல் தவறும் இங்கிருந்தே தொடங்குகிறது.

கால் எட்டுகிறது என்றால் வண்டி லேசு என்று நினைத்துவிடுகிறோம். மீட்டியோர் 191 கிலோ. சூப்பர் மீட்டியோர் 650-க்கு சீட் இன்னும் தாழ்வு, 740 மி.மீ.; எடையோ 241 கிலோ. ஓடும்போது இந்தக் கனம் தெரியாது. கல்யாண மண்டப வாசலில், சரிவைப் பார்த்து நேராக விட்டு நிறுத்திவிட்டு, சாப்பிட்ட வயிற்றோடு பின்னால் இழுக்கும்போது தெரியும். சரிவான இடத்தில் முன்சக்கரம் மேட்டைப் பார்க்கிறபடி, முதல் கியரில் போட்டு நிறுத்துங்கள். கிளம்பும்போது எஞ்சினே இழுத்துக்கொள்ளும்.

அடுத்தது, க்ரூஸர் என்றாலே சொகுசு என்ற நம்பிக்கை. சாதாரண பைக்கில் ஃபுட்ரெஸ்ட் ஏறக்குறைய இடுப்புக்குக் கீழே இருக்கும். பள்ளம் வந்தால் காலை ஊன்றி லேசாக எழுந்துகொள்ளலாம். க்ரூஸரில் கால் முன்னே நீண்டிருக்கும். எழ முடியாது. உடம்பின் பாரம் முழுக்க முதுகின் அடியில் உட்கார்ந்திருக்க, வேகத்தடையின் அடி நேராக முதுகெலும்புக்குப் போகும். நாலுவழிச் சாலையில் சோபா மாதிரி இருந்த வண்டி, ஊருக்குள் திரும்பியதும் மாட்டுவண்டி ஆகிவிடும். நண்பரின் க்ரூஸரை வாங்கிக்கொண்டு சென்னையிலிருந்து திருச்சிக்குப் போனேன். விழுப்புரம் தாண்டியதும் இடுப்பு கணக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஹேண்டில்பார் எட்டாமல் கூன் போட்டு ஓட்டியதும் ஒரு காரணம். ஷோரூம்காரர் தரும் ஐந்து நிமிட டெஸ்ட் ரைடில் இதெல்லாம் தெரியாது. அரைமணி நேரமாவது, மோசமான சாலையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். வாங்கிய பிறகு மெத்தை போட்டுச் சமாளிக்கலாம் என்றால், சீட் உயர்ந்து, எதற்காக வாங்கினோமோ அந்தக் காலூன்றலே போய்விடும்.

எஞ்சினிலும் ஒரு ஏமாற்றம் உண்டு. மீட்டியோர் 350-இன் முறுக்குவிசை (டார்க்), அதாவது எஞ்சின் சுழற்றும் பலம், 27 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 4000 சுற்றிலேயே முழுசாக வந்துவிடும். அதனால் அடிக்கடி கியர் மாற்ற வேண்டாம். இதை நம்பி முப்பது கி.மீ. வேகத்தில் ஐந்தாம் கியரைப் போட்டு உருட்டுகிறார்கள். வண்டி உதறும், செயினுக்கும் கேடு. மறுபக்கம், சக்தி சுமார் 20 குதிரைத்திறன்தான். தொண்ணூறில் போகும்போது முன்னால் போகிற பஸ்ஸை முந்த நினைத்தால், முறுக்குவதற்குக் கையில் அதிகம் மிச்சமிருக்காது. எதிரே காலியாக நிறைய தூரம் தெரிந்தால் மட்டும் முந்துங்கள்.

மலைப்பாதைக்கு வந்தால், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் க்ரூஸர்காரருக்கு நல்ல பாடம். ஃபுட்ரெஸ்ட் தாழ்வாக இருப்பதால் கொஞ்சம் சாய்ந்தாலே தரையில் உரசும். அந்தச் சத்தத்தில் பயந்து வளைவின் நடுவே பிரேக்கை அழுத்தினால் வண்டி நிமிர்ந்து எதிர்ப்பக்கம் போய்விடும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். பிரேக் என்றதும் இன்னொன்று: எடை பின்பக்கம் அதிகம் என்பதால் பின் பிரேக் மட்டும் போதும் என்று சிலர் ஓட்டுகிறார்கள். போதாது. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையதுதான்.

சைலன்சரைக் கழற்றி சத்தம் போடும் ஒன்றை மாட்டுவது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சட்டப்படி தவறு, தெருவில் கைக்குழந்தைகளும் இருக்கிறார்கள்.

வாங்கும் நாளில் மறந்துபோகிற ஆள் ஒருவர் உண்டு, பின்னால் உட்காரப்போகிறவர். ஓட்டுகிறவரின் சீட் அகலமாக இருக்கும், பின்சீட் பல மாடல்களில் பலகாரத் தட்டு அளவுதான். மனைவியோ அம்மாவோ, யார் வழக்கமாக உட்காருவாரோ அவரையும் டெஸ்ட் ரைடுக்கு ஏற்றிக்கொண்டு போங்கள். புடவை கட்டிப் பக்கவாட்டில் உட்காருகிறவர் என்றால் அப்படியே உட்காரச் சொல்லிப் பாருங்கள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டலாம்.